மாலை ஆறு மணிக்கு என்ன செய்வது?

பொதுக்காலம் 26-ஆம் ஞாயிறு – இரண்டாம் ஆண்டு
வாசகங்கள்: எண்ணிக்கை 11:25-29, யாக்கோபு 5:1-6, மாற்கு 9:38-43, 45, 47-48



இன்றைய முதல் வாசகத்திலும் நற்செய்தியிலும் ஒரே மாதிரியான புகாரைக் கேட்கிறோம். பாலைநிலத்தில் எழுபது மூப்பர்கள்மேல் ஆண்டவரின் ஆவி இறங்குகிறது. பட்டியலில் பெயர் இருந்தும் கூடாரத்துக்கு வராத எல்தாது, மேதாது என்னும் இருவர் பாளையத்துக்குள் இருந்தபடியே இறைவாக்கு உரைக்கிறார்கள். யோசுவா பதறிப்போய், அவர்களைத் தடுத்து நிறுத்தும்படி மோசேயிடம் சொல்கிறார். மோசேயோ, ஆண்டவரின் மக்கள் எல்லாருமே அப்படி ஆகிவிடமாட்டார்களா என்று ஏங்குகிறார். நற்செய்தியில் யோவான் வந்து நிற்கிறார். யாரோ ஒருவர் இயேசுவின் பெயரால் பேய் ஓட்டுகிறாராம். அவர் சீடர் கூட்டத்தைச் சேர்ந்தவர் இல்லையாம். அதனால் தடுக்கப் பார்த்தார்களாம். இயேசு, அவரைத் தடுக்காதீர்கள் என்கிறார்.

இதே ஒன்பதாம் அதிகாரத்தில் சற்று முன்னால் நடந்ததை நினைவில் வைத்து இந்தப் புகாரைக் கேளுங்கள். பிடிக்கும்போதெல்லாம் நெருப்பிலும் நீரிலும் விழும் தன் மகனை ஒரு தந்தை சீடர்களிடம் கொண்டுவருகிறார். சீடர்களால் குணப்படுத்த முடியவில்லை. தங்களால் முடியாததை வேறொருவர் செய்து காட்டும்போது, அவர் நம் ஆள் இல்லை என்று அதே சீடர்கள் தடுக்கிறார்கள்! துன்பப்படுகிறவர் விடுதலை பெற்றாரா என்று அவர்கள் கேட்கவில்லை. விடுவித்தவர் எந்தக் கூட்டம் என்றுதான் கேட்கிறார்கள்.

அன்புக்குரியவர்களே, குடிக்கும் போதைக்கும் அடிமையாகித் தவிக்கும் நம் சகோதர சகோதரிகளை எண்ணி இந்த நற்செய்தியை இன்று வாசிக்க விரும்புகிறேன். இந்தத் துயரம் எட்டிப் பார்க்காத அன்பியம் நம்மிடம் உண்டா? குணமாக வேண்டி நாம் செபிக்கிறோம், திருத்தலங்களுக்குப் போகிறோம், பொருத்தனை செய்கிறோம், பீடத்தின்முன் சத்தியம் வாங்குகிறோம். இவை எல்லாம் நல்லவை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? தவக்காலத்தின் 40 நாளும் மதுவைத் தொடாமல் இருப்பவர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். உயிர்ப்பு ஞாயிறு மாலை வந்ததும் மீண்டும் தொடங்கிவிடுகிறார்கள். உடனே நாம், இவனுக்கு விசுவாசம் இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நாற்பது நாள் தாக்குப்பிடித்தவருக்கு விசுவாசம் இல்லை என்று எப்படிச் சொல்வது? அவரிடம் விசுவாசம் இருந்தது. நாற்பத்தொன்றாம் நாள் மாலை ஆறு மணிக்கு என்ன செய்வது என்ற திட்டம்தான் இல்லை. அதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அதைக் கற்றுக்கொடுக்கும் ஒரு முயற்சியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

போதையிலிருந்து மீள விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டம் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. இயக்கம். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் என்னும் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்ததில் பிறந்தது அது. குடிநோயாளிகளைச் சேர்க்க மருத்துவமனைகள் தயங்கிய காலத்தில், 1939-இல், அந்நகரின் புனித தோமா மருத்துவமனையில் அவர்களுக்குப் படுக்கை கொடுத்துப் பராமரித்தவர் அருள்சகோதரி இக்னேசியா. பில் வில்சனுக்கு ஆன்மிகத் துணையாக நின்றவர் எட்வர்ட் டவுலிங் என்னும் இயேசு சபைக் குரு. தம்மை மிஞ்சிய ஓர் ஆற்றலிடம் தம்மை ஒப்படைப்பது ஏ.ஏ.யின் 12 படிகளில் முக்கியமானது. அந்த வழியால் எண்ணற்ற குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன.

ஆனால் எல்லாராலும் அந்த வாசல் வழியாக நுழைய முடிவதில்லை. சிலருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. சிலர் கடவுள்மேல் கோபமாக இருக்கிறார்கள். சிலருக்குச் சமயத்தின் பெயரால் ஏற்பட்ட காயமே போதைக்குக் காரணமாக இருந்திருக்கிறது. இவர்களையும் எண்ணி, 1994-இல் அமெரிக்காவில் ஸ்மார்ட் ரெக்கவரி என்ற பெயரில் ஓர் அமைப்பு வந்தது. ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் எழுத்துகளை விரித்தால், தன்னைத்தானே நடத்திக்கொள்ளவும் மீளவும் தரும் பயிற்சி என்று பொருள்படும். இன்று பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலும் இதன் கூட்டங்கள் நடக்கின்றன. இணையவழிக் கூட்டங்களும் உண்டு.

அங்கே செபம் இல்லை; கடவுள் பெயரும் இல்லை. யாருடைய நம்பிக்கையையும் கேலி செய்வதும் இல்லை. நம்பிக்கை அவரவர் சொந்த விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் கூட்டத்தை நடத்துவார். ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வட்டமாக உட்கார்ந்து, இந்த வாரம் என்ன நடந்தது, வரும் வாரத்தில் எது கடினமாக இருக்கும் என்று ஒருவரோடு ஒருவர் கலந்து பேசுவார்கள். யாரும் தன்னைக் குடிகாரன் என்றோ அடிமை என்றோ அழைத்துக்கொள்ளத் தேவையில்லை. வாழ்நாள் முழுவதும் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மது, போதைப்பொருள், சூதாட்டம் என எந்தப் பிடியில் இருப்பவரும் வரலாம். நான்கு பாடங்களைப் படிப்படியாகப் பழகுகிறார்கள். அந்த நான்கையும் நாம் சற்று நின்று பார்ப்போம்.

முதல் பாடம், விட வேண்டும் என்ற விருப்பத்தை வளர்த்துக் காப்பது. இதற்கு ஒரு தாளை நான்கு கட்டங்களாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். குடிப்பதால் என்ன லாபம்? குடிப்பதால் என்ன நட்டம்? விட்டால் என்ன லாபம்? விட்டால் என்ன நட்டம்? சுமை தூக்கிப் பிழைக்கும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் அவர் நேர்மையாக எழுதுவார்: முதுகுவலி தெரிவதில்லை, தூக்கம் வருகிறது, கூட்டாளிகளோடு சிரித்துப் பேச முடிகிறது. நாம் பிரசங்கம் செய்யும்போது இந்தக் கட்டத்தை நிரப்ப விடுவதே இல்லை! ஆனால் அதை நிரப்பினால்தான் அவருக்கு உண்மையில் என்ன தேவை என்பது தெரியவரும்: வலிக்கு வைத்தியம், நல்ல உறக்கம், நட்பு. பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இது இன்று ஒரு நாளைக்கா, நெடுநாளைக்கா என்று குறிக்கச் சொல்கிறார்கள். குடியின் லாபமெல்லாம் விடிந்தால் தீர்ந்துவிடுகிறது. நட்டம் பிள்ளைகள் காலம்வரை நீள்கிறது. இதை அடுத்தவர் சொல்லிக் கேட்பது வேறு, தன் கையாலேயே எழுதிப் பார்ப்பது வேறு. கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதைப் பற்றி லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பேசுகிறார். உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு அல்ல. அவர் எதிர்பார்க்கும் விவேகம்.

இரண்டாம் பாடம், ஆசை கிளம்பும் நேரத்தைச் சமாளிப்பது. குடிக்க வேண்டும் என்ற வெறி, கொடுத்தால்தான் அடங்கும் என்று தோன்றும். அது உண்மை அல்ல. அது கடல் அலையைப் போன்றது: எழும், உச்சத்தைத் தொடும், பிறகு தானாகவே வடியும். அலை வடியும்வரை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. சற்றுத் தள்ளிப்போடு, அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடு, ஆசை வந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள், ஆனால் அதற்குக் கீழ்ப்படியாதே, உள்ளே பேசும் சாக்குக்கு எதிர்க்கேள்வி கேள், கைக்கு வேறொரு வேலை கொடு. இவற்றை ஒவ்வொன்றாகப் பழக்குகிறார்கள். எந்த நாளில், எந்த நேரத்தில், யாரோடு இருந்தபோது, எவ்வளவு வலுவாக ஆசை வந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கவும் சொல்கிறார்கள். சில வாரங்களில் அந்த நோட்டே எது ஆபத்தான நேரம் என்று காட்டிக் கொடுத்துவிடும். புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில், ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொண்டு, விழுந்த ஒவ்வொரு முறையும் கோட்டின்மேல் புள்ளி வைத்து, நேற்றோடு இன்றையும், போன வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னது இங்கே நினைவுக்கு வரவில்லையா?

இன்றைய நற்செய்தியில் கையையும் காலையும் கண்ணையும் பற்றி ஆண்டவர் கடுமையாகப் பேசுகிறார். உடலைச் சிதைக்கச் சொல்லவில்லை என்பது நமக்குத் தெரியும். விழுவதற்குக் காரணமானதை வாழ்விலிருந்து வெட்டி எடுக்கச் சொல்கிறார். வேலை முடிந்து வரும்போது டாஸ்மாக் கடை வழியாகவே கால் நடக்கிறதா? வழியை மாற்றுங்கள், கால் மணி நேரம் கூடுதலானாலும் பரவாயில்லை. கூலிப் பணம் கையில் இருந்தால் அரிக்கிறதா? அது நேரே வீட்டுக்குப் போக வழி செய்யுங்கள். டப்ளின் நகரத்துத் தொழிலாளி மேட் டால்பட்டை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். இளவயதிலேயே குடிக்கு அடிமையான அவர் 1884-இல் மதுவை விட்டார். முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் உறுதி எடுத்தார். பிறகு அதை நீட்டித்தார். இறுதியில் வாழ்நாள் முழுவதற்கும் ஆக்கினார். கையில் காசு வைத்துக்கொண்டு நடப்பதையும் விட்டுவிட்டார். குடிக்கப் போன மாலை நேரங்களில் ஆலயத்துக்குப் போனார். 1975-இல் திரு அவை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. அருளும் உபாயமும் அவர் வாழ்வில் சண்டை போடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாம் பாடம், எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் கையாள்வது. இது ஆல்பர்ட் எல்லிஸ் என்னும் அமெரிக்க உளவியலாளரிடமிருந்து வந்த வழி. மேலாளர் எல்லார் முன்னிலையிலும் திட்டினார். நான் குடித்தேன் என்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒன்று ஒளிந்திருக்கிறது: “என் மானமே போய்விட்டது, இதை என்னால் தாங்கவே முடியாது” என்ற எண்ணம். திட்டு நம்மைக் கடைக்கு அனுப்பவில்லை. அந்த எண்ணம்தான் அனுப்பியது. அதைப் பிடித்து நிறுத்திக் கேட்க வேண்டும்: உண்மையிலேயே தாங்க முடியாதா? இதற்கு முன் தாங்கியதே இல்லையா? குடித்தால் போன மானம் திரும்பி வருமா? எல்லிஸ் கடவுள் நம்பிக்கை உள்ளவர் அல்லர். ஆனால் நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், மனிதரைச் சோதிக்கும் எட்டு வகை எண்ணங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிர்த்துப் பேசுவதற்கென்றே இறைவார்த்தைகளைத் திரட்டி ஒரு நூல் எழுதினார். அவர் பட்டியலில் முதலில் நிற்பது பெருந்தீனி. எண்ணத்தோடு எதிர்வாதம் செய்ய நம் பாலைநிலத் தந்தையரும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், நாம்தான் மறந்துவிட்டோம்.

நான்காம் பாடம், சமநிலையான வாழ்வு. மது போன இடத்தில் எதை வைப்பது? உறக்கம், உணவு, வேலை, விளையாட்டு, நட்பு, தனக்கு எது மிக முக்கியம் என்ற தெளிவு ஆகியவற்றைத் திரும்பக் கட்ட வேண்டும் என்கிறார்கள். தீய ஆவி வெளியேறிய வீடு கூட்டிப் பெருக்கப்பட்டு வெறுமையாகக் கிடந்தால், அது ஏழு ஆவிகளோடு திரும்பி வரும் என்று ஆண்டவர் எச்சரித்தது மத்தேயு 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வெறும் வீடு ஆபத்து. அந்த வீட்டில் யார் குடியேற வேண்டும் என்பதை இந்தக் கூட்டங்கள் சொல்வதில்லை. அது அவர்களுடைய வேலையும் அல்ல. அதைச் சொல்வதும் வாழ்ந்து காட்டுவதும் நம் வேலை.

இங்கே இரண்டு கேள்விகள் எழும். “சாமி, இந்த வகைப் பேய் செபத்தினால்தான் வெளியேறும் என்று அதே மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னாரே?” உண்மைதான். ஆனால் அந்த மகனைக் குணமாக்கும் முன் அவர் தந்தையிடம் கேட்டதைப் பாருங்கள்: எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார். மருத்துவர் கேட்கும் கேள்வி அது! செபிப்பவர் விசாரிக்கக் கூடாது, கற்கக் கூடாது, மருந்து சாப்பிடக் கூடாது என்று அவர் சொல்லவே இல்லை. மேலும், குடிக்கு அடிமையாவது ஒரு நோய். நோயாளியைப் பேய் பிடித்தவராக நடத்துவது அநீதி.

அடுத்த கேள்வி: “அந்த மனிதராவது இயேசுவின் பெயரைச் சொல்லிப் பேய் ஓட்டினார். பெயரே சொல்லாத இடத்துக்கு எங்கள் பிள்ளைகளை அனுப்பலாமா?” இறையருள் இயற்கையை அழிப்பதில்லை, அதை நிறைவுக்குக் கொண்டுவருகிறது என்பது புனித தாமஸ் அக்குவினாஸ் நமக்குக் கற்பித்த பாடம். அறிவும் மனவுறுதியும் பழக்கமும் படைத்தவர் தந்த கொடைகள். அவற்றை நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பவர், கொடுத்தவரின் பெயரை அறியாமலிருந்தாலும், அவருடைய கொடையைத்தான் கையாள்கிறார். எலும்பு முறிந்தால் கட்டுப்போடும் மருத்துவர் எந்தச் சமயம் என்று நாம் கேட்பதில்லையே! தவிர, நம்பிக்கையை யாரிடமும் திணிக்க முடியாது. 1996-இல் அமெரிக்காவில் ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், சமயச் சார்புள்ள மீட்புக் கூட்டத்துக்குக் கைதி ஒருவரைக் கட்டாயப்படுத்தி அனுப்பியது தவறு என்று தீர்ப்பளித்தது. சமய விசுவாசத்தில் எவரையும் வற்புறுத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே அறிவித்துவிட்டது. கடவுளை நம்பாத ஒருவருக்கும் போதையிலிருந்து விடுபட உரிமை உண்டு. நம்பிய பிறகுதான் பிழைக்கலாம் என்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை.

இனி, நாம் செய்ய வேண்டியவை.

போதையோடு போராடிக்கொண்டு இதைக் கேட்கும் சகோதரரே, சகோதரியே, முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். பல ஆண்டுகள் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்து. பொருத்தனை செய்த கையோடு மருத்துவமனைக்கும் செல்லுங்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் இல்லை. ஏ.ஏ. கூட்டம் உங்களுக்குப் பொருந்தினால் அங்கே செல்லுங்கள். ஸ்மார்ட் ரெக்கவரி போன்ற கூட்டம் பொருந்தினால் அங்கே செல்லுங்கள். இரண்டுக்கும் போனாலும் தவறில்லை. இடையில் ஒரு நாள் விழுந்துவிட்டால், எல்லாம் போயிற்று என்று பாட்டிலோடு படுத்துவிடாதீர்கள். எங்கே சறுக்கியது என்று நோட்டில் எழுதுங்கள், எழுந்து வாருங்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு எத்தனை முறை வந்தாலும் கதவு திறந்துதான் இருக்கிறது.

குடும்பத்தாரே, குறிப்பாக மனைவிமாரே, அம்மாமாரே, ராபர்ட் மேயர்ஸ் என்னும் உளவியலாளர் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் வளர்த்தெடுத்த ஒரு வழி, இத்தகைய குழுக்களில் குடும்பத்தாருக்குக் கற்றுத்தரப்படுகிறது. போதையில் இருக்கும்போது வாதாடாதீர்கள். அன்றைய பேச்சு காற்றோடு போய்விடும். குடிக்காமல் வீடு திரும்பும் நாளைக் கவனியுங்கள். அன்று அவருக்குப் பிடித்த குழம்பை வையுங்கள், பிள்ளைகளோடு உட்கார வையுங்கள், இன்று நன்றாக இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதேநேரம், நீங்கள் சாப்பிடுவதையும் தூங்குவதையும் விட்டுவிடாதீர்கள். அவர் குடிப்பது உங்கள் குற்றம் அல்ல. அடி விழும் வீட்டில் பொறுமை புண்ணியம் அல்ல. அங்கே முதலில் தேவை பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

பங்கு மக்களே, திருமணத்துக்கும் கூட்டத்துக்கும் திறக்கும் நம் பங்கு மண்டபத்தின் ஓர் அறையை, வாரம் ஒரு மாலை, மீள விரும்புகிறவர்கள் கூடிப் பேசத் திறந்துவிடலாமே! அவர்கள் செபத்தோடு தொடங்கினால் மகிழ்ச்சி. தொடங்காவிட்டாலும் விளக்கைப் போட்டு, ஒரு குடம் தண்ணீர் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு கிண்ணம் தண்ணீருக்கும் கைம்மாறு உண்டு என்று இன்றைய நற்செய்தியிலேயே ஆண்டவர் வாக்களித்திருக்கிறார். ‘குடிகாரன் மகன்’ என்ற சொல்லை நம் தெருக்களிலிருந்தும் மறைக்கல்வி வகுப்புகளிலிருந்தும் அகற்றுவோம். சிறியோரை இடறி விழச் செய்வதைப் பற்றி ஆண்டவர் இன்று சொன்ன கடுமையான வார்த்தைகள் அந்தப் பேச்சுக்கும் பொருந்தும். திருவிழாவிலும் திருமணத்திலும் புதுநன்மை விருந்திலும் மது ஊற்றும் வழக்கத்தையும் நிறுத்துவோம். மீண்டு வருகிறவர் நம் விருந்துக்கு அஞ்சி ஒளிய வேண்டிய நிலை இருந்தால், நாம் என்ன சபை?

செபிப்போம். அன்புத் தந்தையே, உம் ஆவி விரும்பிய இடமெல்லாம் வீசுகிறது. பாளையத்துக்குள்ளும் வெளியேயும் நீர் செய்யும் நன்மையைக் கண்டு பொறாமைப்படாத உள்ளத்தை எங்களுக்குத் தாரும். போதையின் பிடியில் தவிக்கும் உம் பிள்ளைகளுக்கு விட வேண்டும் என்ற விருப்பத்தையும், அலை வடியும்வரை காத்திருக்கும் பலத்தையும், கைபிடித்து நடத்தும் தோழர்களையும் தாரும். அவர்களுக்குப் பணிபுரியும் மருத்துவர்களையும், உம்மை அறிந்தும் அறியாமலும் அவர்களுக்குத் துணை நிற்கும் எல்லாரையும் ஆசீர்வதியும். காத்திருந்து கண்கள் பூத்துப்போன குடும்பங்களுக்கு ஆறுதலாக இரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!